மாங்குளம் சந்தியில் நான்கு கணினிகள்: விண்டோஸா, லினக்ஸா, இரண்டுமா?

மாங்குளம் சந்தியில் நான் நடத்துவது ஒரு சின்னக் கொமினிகேசன். போட்டோக்கொப்பி, லமினேட்டிங், தட்டச்சு, விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுத்தல், கடவுச்சீட்டு அளவுப் படம், எப்போதாவது ஒரு கல்வெட்டு, அதாவது இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு புத்தகம். பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து மணிக்கணக்கில் கணினிக்கு முன்னால் உட்காருவார்கள். நான்கு கணினிகளில் மூன்று பத்து வயதைத் தாண்டியவை: நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம். நான்காவது மட்டும் சற்றுப் புதியது.

2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுத்தியது. அன்றைக்குக் கடையில் ஒன்றும் நடக்கவில்லை. வழமைபோல மல்லாவி பஸ் வந்தது; ஒட்டுசுட்டானிலிருந்து வந்த ஒருவர் அடையாள அட்டையில் இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போனார். ஆனால் பழைய பெட்டிகள் மூன்றிலும் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியில் ஊரார் தங்கள் அடையாள அட்டை இலக்கத்தையும் வங்கிக் கணக்கையும் தட்டுவதை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பது? இரண்டு மாதம் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். கண்டதை எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து யாரோ அனுப்பிய பழைய கணினிகளைச் சீலை போட்டு மூடி வைத்திருக்கும் சனசமூக நிலையங்களுக்கும் இது பயன்படலாம்.

இருந்த வழிகளில் முதலாவது, இருப்பதை இருந்தபடி விடுவது. ஒளிக்காமல் சொல்கிறேன்: பழைய மூன்றிலும் இருந்தது காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் காக்கிறது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். திருட்டுப் பிரதியை ஓடவைக்கும் கிராக் முதல் வேலையாகக் கேட்பது வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொல்லி. வீட்டுக்கு வருகிறவன் முதலில் நாயைக் கட்டச் சொன்னால் நாம் என்ன நினைப்போம்? உரிமம் உள்ள விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிப்பு ஒன்று உண்டு. அவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஆறுதலாக யோசிக்கலாம்.

இரண்டாவது, எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்குவது. புதிய கணினி ஒருபுறம், அதற்கு மேல் ஒபிஸ். மைக்ரோசொப்ட் 365இன் தனிநபர் சந்தா 2025இல் அமெரிக்க விலையில் ஆண்டுக்கு 99.99 டொலர்; நம் காசில் கிட்டத்தட்ட முப்பதாயிரம் ரூபா, ஒவ்வோர் ஆண்டும். 2022இல் டொலர் ஏறிய ஏற்றத்தைக் கண்டவர்கள், டொலரில் கட்டும் சந்தாவை நம்பிக் கடை நடத்த யோசிப்பார்கள். மூன்றாவது, நான்கு கணினிகளையும் விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாற்றுவது. நான்காவது வழியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் ஓடும் மென்பொருள்களை மட்டும் கட்டற்றவையாக மாற்றுவது. நான் தொடங்கியது அங்கிருந்துதான். ஒபிஸ் வேலைக்கு லிப்ரே ஒபிஸ், படம் திருத்தக் கிம்ப், வரைய இங்க்ஸ்கேப், இணையம் பார்க்கப் பயர்பொக்ஸ், வீடியோ பார்க்க விஎல்சி எல்லாம் விண்டோஸிலும் ஓடும். கை பழகிய பிறகு அடித்தளத்தை மாற்றினால் பாதித் தலையிடி குறைந்துவிடும். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டு மறுவாரமே திரும்பியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு மென்பொருளிடமும் மூன்று கேள்வி கேட்டேன். ஊரார் பென் டிரைவில் கொண்டுவருவதை இது திறக்குமா? லைன், அதாவது இணைய இணைப்பு, இல்லாதபோதும் வேலை செய்யுமா? பழுதானால் வவுனியாவுக்குத் தூக்கிக்கொண்டு போகாமல் திருத்தலாமா? விலையை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

இடையில் ஒரு சொல் விளக்கம். இலவசம் வேறு, கட்டற்றது வேறு. டபிள்யூபிஎஸ் ஒபிஸ் இலவசம். ஆனால் அதன் மூலநிரல் நமக்குத் திறக்கப்படவில்லை, நாளைக்கு அது காசு கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும். லிப்ரே ஒபிஸ் போன்றவற்றை யாரும் பிரதி எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். அதை உரிமமே எழுதித் தருகிறது. என் கடையில் ஒரு தடவை இறக்கியதைப் பென் டிரைவில் போட்டு ஒலுமடுவில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்குக் கொடுத்தேன். அதில் களவு எதுவும் இல்லை.

இனி ஒபிஸ் வேலை. கடையின் சோறு அதுதான், ஆகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். லிப்ரே ஒபிஸ் 2010இல் ஓபன் ஒபிஸிலிருந்து பிரிந்து வந்தது. கடிதம், பட்டியல், கணக்கு எதற்கும் குறைவில்லை. அதன் சொந்தக் கோப்பு வடிவம் 2006இலேயே ஐஎஸ்ஓ தரமாகிவிட்டது. ஆனால் மாங்குளத்துக்கு வரும் பென் டிரைவுகளில் அந்த வடிவத்தில் ஒரு கோப்பையாவது நான் கண்டதில்லை. வருவதெல்லாம் வேர்ட்.

ஓர் ஆசிரியை இடமாற்ற விண்ணப்பம் கொண்டுவந்தார். வீட்டில் வேர்டில் தமிழில் தட்டியது, ஒரே பக்கம். லிப்ரே ஒபிஸில் திறந்தேன். கையொப்பக் கோடும் அதற்குக் கீழே அவருடைய பெயரும் மட்டும் இரண்டாம் பக்கத்துக்குப் போய் நின்றன. அவர் திரையையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். காரணம் பிறகுதான் பிடிபட்டது. ஆங்கிலத்துக்குக் கலிப்ரி, டைம்ஸ் நியூ ரோமன் போன்ற எழுத்துருக்கள் இல்லாவிட்டாலும் அதே அகலத்தில் செய்த கார்லிட்டோ, லிபரேசன் போன்ற மாற்றுகள் இருக்கின்றன; வரி குலையாது. அவர் தமிழுக்குப் பயன்படுத்தியிருந்தது விண்டோஸின் லதா. அது லினக்ஸில் இல்லை. அதன் இடத்தில் நோட்டோ என்ற வேறு எழுத்துரு வந்து உட்கார்ந்தது, எழுத்தின் அகலம் மாறியது, வரி ஒவ்வொன்றாகத் தள்ளுப்பட்டுப் பக்கம் நிரம்பி வழிந்தது. எழுத்தின் அளவை அரைப் புள்ளி குறைத்து அச்செடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து வருகிற எல்லோரிடமும் ஒன்று சொல்கிறேன்: அச்சுக்கு வருவதைப் பிடிஎப்பாகக் கொண்டுவாருங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே இருக்கும்; எந்தக் கணினியும் அதைக் குலைக்காது.

வேர்ட் கோப்பின் தோற்றத்தைக் காப்பதில் ஒன்லிஒபிஸ் ஒரு படி மேல். அதுவும் கட்டற்றதுதான், முகப்பும் வேர்டைப் போலவே இருக்கும். பட்டியலும் பெட்டியும் நிறைந்த கோப்பு வந்தால் அதில் திறக்கிறேன். ஆனால் 4 ஜிபி ரேமில் அது கொஞ்சம் கனக்கிறது. இரண்டுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. ஓர் அலுவலகம் அனுப்பிய எக்ஸெல் படிவத்துக்குள் மக்ரோ என்ற சிறு நிரல் எழுதியிருந்தார்கள். அழுத்த வேண்டிய பொத்தான் இரண்டிலும் அசையவில்லை. அப்படிப்பட்ட படிவம் உங்களுக்கு மாதம் ஒன்று வந்தாலும் ஓர் உண்மையான எக்ஸெல் எங்கேயாவது இருக்க வேண்டும். லினக்ஸ் பக்தர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

மின்வெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் போன காலம் மறக்கவில்லை. இப்போது அவ்வளவு இல்லாவிட்டாலும் மழைக்காலத்தில் போய்வருகிறது. லிப்ரே ஒபிஸ் தானாகச் சேமிக்கும் இடைவெளி இயல்பாகப் பத்து நிமிடம். நிறுவிய கையோடு அதை இரண்டாகக் குறையுங்கள்.

தமிழ்த் தட்டச்சுக்கு வருவோம். ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் ஊர்க் கோயிலின் கணக்கு, கடிதம், கும்பாபிசேக மலர் என்று பதினைந்து வருடத்துக் கோப்புகளைக் கொண்டுவந்தார். எல்லாம் பாமினி. லினக்ஸில் திறந்தவுடன் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். "என்ன பிள்ளை, எல்லாம் அழிந்துவிட்டதா?" என்று கேட்டார். அழியவில்லை. பாமினி, ஆங்கில எழுத்தின் மேல் தமிழ் உருவைப் போர்த்திய பழைய எழுத்துரு. போர்வை இல்லாத இடத்தில் உள்ளே இருப்பது தெரிகிறது, அவ்வளவுதான். அந்த அரைப்புள்ளிகள் எல்லாம் மெய்யெழுத்தின் புள்ளிகள். பாமினி எழுத்துருக் கோப்பை லினக்ஸிலும் நிறுவலாம். நிறுவி மறுபடி திறந்ததும் விநாயகர் துணை என்று முதல் வரி வந்தது. மாஸ்டரின் முகத்திலும் களை வந்தது.

இந்தத் தொல்லைக்கும் லினக்ஸுக்கும் சம்பந்தமில்லை. கைப்பேசியில் அனுப்பினாலும், மின்னஞ்சலில் ஒட்டினாலும், நாளைக்குப் புதிய விண்டோஸ் வாங்கினாலும் எழுத்துரு இல்லாத இடத்தில் பாமினி இதே கோலம்தான். ஆகவே எதைத் தேர்ந்தாலும் பழைய கோப்புகளை, எல்லாக் கணினிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து முறைக்கு மாற்றுங்கள். ஓபன்-தமிழ் என்ற பைதன் தொகுதி அதைச் செய்கிறது. உயர்தரத்தில் பைதன் படிக்கும் பிள்ளை ஒருத்தி ஓர் இருபது வரி நிரல் எழுதி, கோயில் கடிதங்களை ஒரு பின்னேரத்தில் மாற்றித் தந்தாள். அட்டவணைகளை மட்டும் கையால் சரிபார்க்க வேண்டியிருந்தது.

தட்டுவதற்கு நான் விண்டோஸில் வைத்திருந்தது என்எச்எம் ரைட்டர். லினக்ஸில் எம்17என் என்ற தட்டச்சுத் தொகுதியை நிறுவினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு ஆகியவற்றோடு நம் ஊர் ரெங்கநாதன் விசைப்பலகையும் பட்டியலில் வருகிறது. பாமினியில் பழகிய விரலுக்கு அது அவ்வளவு அந்நியமில்லை. எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

வடிவமைப்பில்தான் எனக்கு மனம் அதிகம் கெட்டது. கடவுச்சீட்டு அளவுப் படத்துக்குப் போட்டோஷொப்பில் எட்டுப் படத்தை ஒரு தாளில் அடுக்கக் கை தானாக ஓடும். கிம்பில் அந்தப் பழக்கம் எதுவும் செல்லவில்லை. கடைசியில் இங்க்ஸ்கேப்பில் எட்டுக் கட்டம் போட்டு, எட்டிலும் ஒரே படக் கோப்பை இணைத்து வைத்தேன். புதிய ஆளின் படத்தை அதே பெயரில் சேமித்துவிட்டுத் தாளைத் திறந்தால் எட்டும் மாறியிருக்கும். பழையதை விட இது விரைவு. வெட்டுதல், நிறம் திருத்துதல் எல்லாம் கிம்பில் முடிகிறது.

கல்வெட்டு வேறு கதை. முப்பத்தோராம் நாளுக்குள் முடிய வேண்டும், வீட்டார் துக்கத்தோடு வந்து நிற்பார்கள், ஓர் எழுத்தும் பிசகக் கூடாது. முன்பு பேஜ்மேக்கரில் செய்தேன். ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் நீண்ட காலம் தமிழுக்கு உதவவில்லை, 1.4 வரிசையில் ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். 2024 ஜனவரியில் வந்த 1.6 நிலைப்பதிப்பில் தமிழ் ஒழுங்காக விழுகிறது. நான்கு நிற அச்சுக்கான பிடிஎப்பையும் ஸ்கிரைபஸ் தரும். இங்க்ஸ்கேப் அந்த இடத்தில் பின்தங்கிவிடுகிறது. ஆகவே யாராவது உங்களிடம் ஸ்கிரைபஸில் தமிழ் வராது என்று சொன்னால், எந்தப் பதிப்பில் என்று கேளுங்கள். கோரல் என்ற வடிவமைப்பு மென்பொருளின் கோப்பாகக் கேட்கும் அச்சகங்களுக்கு மட்டும் இவை எதுவும் மருந்தில்லை.

பிரிண்டர்: வாங்குவதற்கு முன் கேளுங்கள். எச்பி தன் லினக்ஸ் இயக்கியைத் திறந்த மூலமாகவே தருகிறது. கடையின் மைத்தாங்கிப் பிரிண்டர் செருகியவுடன் ஓடியது. ஆனால் நான் பத்து வருடமாக நம்பியிருந்த வேறொரு நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கிவிட்டது. லினக்ஸில் இன்னும் மூன்று தாளுக்கு ஒரு தடவை நின்றுவிடுகிறது. கணக்கு வழக்குக்குக் குனூகேஷ் பார்த்தேன், கடைக்கு அது அதிகம். லிப்ரே ஒபிஸின் கணக்குத் தாளான கால்க்கில் ஒரு தாள் போதும்.

வைரஸ் பற்றியும் கேட்பார்கள். பென் டிரைவில் கோப்புறையெல்லாம் குறுக்குவழியாக மாறிவிடும் அந்தத் தொல்லை லினக்ஸில் ஓடாது. ஆனால் அது பென் டிரைவிலிருந்து தானாக அழியவும் போவதில்லை. நீங்கள் துடைக்காமல் கொடுத்தால் அடுத்த வீட்டுக்குப் போகும்.

மாஸ்டருக்கு ஒரு சந்தேகம். "யாரோ சும்மா எழுதித் தருவதை நம்பலாமா, பிள்ளை?" நான் சகானாவைப் பற்றிச் சொன்னேன். 2004 டிசம்பர் 26இல் கடல் முல்லைத்தீவுக்குள் ஏறி வந்த பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களையும் உதவிப் பொருள்களையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய திறந்த மூல மென்பொருள் அது. அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அங்கேயும் பயன்பட்டது. 2006இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூகப் பயன் விருதைப் பெற்றது. மாஸ்டர் முல்லைத்தீவில் படிப்பித்தவர். அதற்குப் பிறகு அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

விளையாட்டுக்குப் போவோம். பிள்ளைகள் கடைக்கு வருவது பாதி படிப்புக்கு, பாதி இதற்கு. பெரிய பையன்கள் கேட்பது வலரண்ட், பப்ஜி. இரண்டும் லினக்ஸில் ஓடாது. ஏமாற்றுவோரைப் பிடிக்க அவை வைத்திருக்கும் காவல் நிரலுக்கு விண்டோஸ்தான் வேண்டும். ஆனால் என் பழைய பெட்டிகளில் அவற்றை விண்டோஸிலும் விளையாடிவிட முடியாது, ஆகவே இழப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஸ்டீம் என்ற இணையக் கடையில் காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளில் பல, புரோட்டான் என்ற இடைநிலை மென்பொருள் வழியாக லினக்ஸில் ஓடுகின்றன. அது நல்ல கணினி உள்ளவர்களின் பேச்சு.

என் கடையில் வென்றது சுப்பர்டக்ஸ்கார்ட். வண்டி ஓட்டப் பந்தயம், அவ்வளவுதான். மூன்று கணினியையும் ஒரு சின்னச் சுவிட்ச்சில் கம்பியால் இணைத்தேன். இணையம் ஒரு எம்பி கூடச் செலவில்லை. முதல் நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்தான்: "அக்கா, இது சின்னப் பிள்ளைகளுடையது." தன் தங்கையிடம் இரண்டு தடவை தோற்ற பிறகு கடை பூட்டும் வரை எழும்பவில்லை. உலகம் கட்டி விளையாட லுவான்டி இருக்கிறது. 2024 வரை மைன்டெஸ்ட் என்று அதற்குப் பெயர். நிறுவினால் உள்ளே வெறும் வீடுதான் இருக்கும், விளையாட்டுகளைத் தனியாக இறக்க வேண்டும். அதற்கு லைன் வேண்டும், ஒரு தடவை மட்டும். 0 ஏ.டி. என்ற படையெடுப்பு விளையாட்டு அழகோ அழகு, என் பெட்டிகளில் ஆமை. சின்னவர்களுக்கு ஜிகொம்பிரியும் டக்ஸ் பெயின்டும். இவற்றில் எதிலும் விளம்பரம் குறுக்கே வருவதில்லை, வைரம் வாங்கு என்று பிள்ளையைக் கேட்பதும் இல்லை. கைப்பேசியில் பிள்ளை விளையாடக் கணக்கிலிருந்து காசு போன தாய்மாருக்கு இதன் அருமை தெரியும்.

விளையாட்டோடு விளையாட்டாகக் கிவிக்ஸையும் போட்டேன். தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி வைத்தால் லைன் இல்லாமலே தேடலாம். சமூகக் கல்வி ஒப்படைக்கு வரும் பிள்ளைகள் இப்போது ரவுட்டரில் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பதில்லை. வன்னி இரவில் வானம் நன்றாகத் தெரியும். ஸ்டெல்லேரியம் வைத்து மகனுக்கு ரோகிணியைக் காட்டினேன். இது கடைக்குத் தேவையில்லை, எனக்குத் தேவை.

எந்த லினக்ஸ் என்று கேட்டால், மின்ட் 22, எக்ஸ்எப்சிஇ என்ற கனமில்லாத முகப்பு. 2029 வரை திருத்தம் வரும், விண்டோஸ் பழகியவர்கள் திடுக்கிடுவதில்லை, திருத்தங்களை எப்போது இறக்குவது என்பதை நம்மிடம் விட்டுவிடுகிறது. ஒரு கணினியில் இறக்கிய பொதிகளை மற்ற இரண்டுக்கும் பென் டிரைவில் கொண்டுபோகவும் முடிந்தது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் இன்னும் உறுதி என்பார்கள். தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் சரி. என் பக்கத்தில் இருப்பவர்கள் அறிவியல்நகர் பொறியியல் பீடத்தில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், விடுமுறையில் மட்டும். ஆகவே கேட்டுத் திருத்த ஆள் அதிகம் உள்ளதையே எடுத்தேன். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடாமல் எந்த இயங்குதளத்தைக் குறை சொன்னாலும் அது நியாயமில்லை.

இப்போது கடை இப்படி இருக்கிறது. பழைய மூன்றும் முழுக்க மின்ட். நான்காவதில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ் 11, மைக்ரோசொப்ட் ஒபிஸ். மக்ரோப் படிவமும், லதாவில் வந்த அவசரக் கடிதமும், அந்த லேசர் பிரிண்டரும் அங்கே. அதிலும் வடிவமைப்புக்குக் கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ்தான். சந்தா ஒன்று கட்டுகிறேன், நான்கு அல்ல.

கோரல் கோப்பு கேட்கும் அச்சகத்துக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. போன கிழமை ஒரு கல்வெட்டைப் பிடிஎப்பாக அனுப்பினேன். திருத்தம் இருந்தால் அங்கே செய்ய முடியாது, நீங்களே திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும் என்றார்கள். அட்டையில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. திருத்தி அனுப்பினேன்.